இரவு வானொலியில் கர்நாடக இசை: யாழ்ப்பாணம் கேட்ட குரல்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். திருச்சியோ 200 கிலோமீற்றருக்கும் குறைவு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான், குடாநாட்டில் ஒரு தலைமுறை ஏன் இரவில் திருச்சி வானொலிக்குக் காது கொடுத்தது என்பது விளங்கும்.

1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கின. இரண்டும் மத்திய அலையில் ஒலித்தன. மத்திய அலைக்குப் பகலில் ஒரு தடை உண்டு. வளிமண்டலத்தின் உயரத்தில், சூரிய ஒளியால் உருவாகும் மின்னேற்றப் படை ஒன்று அலைகளை உறிஞ்சிவிடும். பொழுதுபட்டதும் அந்தப் படை கலைந்துவிட, அதற்கும் மேலேயுள்ள படையில் அலைகள் பட்டுத் தெறித்துத் தொலைவுக்குப் போகும். உப்புநீர் மின்னைக் கடத்துவதால், தரையோடு செல்லும் அலையும் கடல் வழியே அதிகம் தேயாமல் வந்துசேரும். பாக்குநீரிணை எங்களுக்குச் செய்த உபகாரம் இது. திருச்சியின் 936 கிலோஹேர்ட்ஸ் எங்கள் வீடுகளில் தெளிவாகக் கேட்டதற்கும், சென்னை இரவில் மட்டும் ஏறியும் இறங்கியும் கேட்டதற்கும் காரணம் இதுதான்.

1952இல் அகில இந்திய வானொலி தேசிய சங்கீத நிகழ்ச்சியைத் தொடங்கியது. சனிக்கிழமை இரவுகளில் நீண்ட கச்சேரியை வீட்டிலிருந்தே கேட்க முடிந்தது. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் கேட்டுப் பழகிய ஊருக்கு இது புதுப் பழக்கமல்ல. வீதியில் இருந்த இசை விறாந்தைக்கு வந்தது, அவ்வளவுதான். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும், 1975இல் மறைந்த தெட்சிணாமூர்த்தியின் தவிலையும் நேரில் கேட்டவர்களுக்கு வானொலிக் கச்சேரியை எடைபோடும் செவி ஏற்கெனவே இருந்தது.

இலங்கை வானொலி என்றதும் எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட், இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் பெயர்கள் நினைவுக்கு வரும். அவர்கள் புகழ்பெற்ற அறிவிப்பாளர்கள். கர்நாடக இசை நிகழ்ச்சிகளை அறிவித்தவர்களோ பெரும்பாலும் தங்கள் பெயரைச் சொல்வதில்லை. பாடுபவர், வயலின், மிருதங்கம், பிறகு இராகம், தாளம், இயற்றியவர்: இந்த ஒழுங்கில் நிதானமாகச் சொல்லிவிட்டு விலகிவிடுவார்கள். ஆனால், சங்கீதம் முறையாகப் படிக்காத என்னைப் போன்றவர்களுக்கு அவர்கள்தான் ஆசிரியர்கள். கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் காண, அந்தக் குரல் முதலில் பெயரைச் சொல்லவேண்டும். பலமுறை கேட்டபின் பெயர் சொல்லுமுன்னே எங்கள் வாயில் அது வந்துவிடும்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்தோம். டைனமோ தருவது ஆடலோட்ட மின். வானொலிக்கு வேண்டியது நேரோட்ட மின். அதனால் இடையில் டயோட் பூட்டவேண்டும். ஓய்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்தும் பார்த்தோம். இப்படிக் கிடைத்த மின்னில் முதல் உரிமை செய்திக்குத்தான். பிபிசி தமிழோசை முடிந்தபின் சுற்றுபவரின் கை ஓயாமலிருந்தால் ஒரு கீர்த்தனை கேட்கலாம். சுற்றும் வேகம் குறைந்தால் சத்தமும் தேய்ந்துவிடும். செய்தி யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னது. நீலாம்பரி, அதைக் கேட்டபின் நித்திரை கொள்ள உதவியது. இரண்டும் எங்களுக்குத் தேவைப்பட்டன.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, தூக்கக்கூடியதை மட்டுமே தூக்கிக்கொண்டு போனார்கள். வானொலியிலிருந்தும் கோயில் வீதியிலிருந்தும் பதிவுசெய்து வைத்த கசற்றுகள் பல வீடுகளில் அப்படியே கிடந்தன. வீட்டோடு அவையும் போயின.

இன்று இரவிரவாகக் கேட்க வழியுண்டு. 2016இல் தொடங்கிய அகில இந்திய வானொலியின் ‘ராகம்’ அலைவரிசை 24 மணிநேரமும் கர்நாடக, இந்துஸ்தானி இசையை ஒலிபரப்புகிறது. இணையத்திலும் செயலியிலும் கேட்கலாம். நித்திரை வராத முதியவர்களுக்கு இதைக் கைபேசியில் எடுத்துக் கொடுப்பது பிள்ளைகளுக்குச் சிறு வேலைதான்.

ஆனால், எங்கள் மண்ணின் கலைஞர்களுடைய பழைய பதிவுகளை எந்த அலைவரிசையும் தானாகத் தேடித் தராது. தப்பிய கசற்றுகள் இங்கும் புலம்பெயர் நாடுகளிலும் அலுமாரிகளுக்குள் இருக்கின்றன. நாடா ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காந்தப் பூச்சு உதிரும். கசற் இருந்தால் உலர்ந்த இடத்தில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை ஓடவிட்டுப் பார்க்காமல், தெரிந்தவரிடம் கொடுத்து எண்ணிமமாக்குங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறது. பாட்டு மட்டும் போதும் என்று அறிவிப்பை வெட்டிவிடாதீர்கள். யார் பாடினார், யார் வாசித்தார் என்பதற்குப் பல கசற்றுகளில் அந்தப் பெயர் தெரியாத குரல் ஒன்றே சாட்சி.