ஒற்றை எண்ணின் நீண்ட ஆட்சி

என் வேலை ஒளிநிறமாலைக் கணக்கு. ஒரு நிறத்துக்கு மூன்று தொகையீடுகள் வேண்டும். மூன்றுக்கும் உள்ளே இருக்கும் நிறமாலை ஒன்றுதான். பைத்தானின் அறிவியல் நிரலகமான சைபையில் தொகையீட்டுக்கான ‘குவாட்’ சார்பு அதை மூன்று முறை தனித்தனியே கணக்கிட வைத்தது. ஏன் இந்தப் பிடிவாதம்?

விடை 1983-இல் இருக்கிறது. கணிதர் பீசன்ஸின் குழுவினர் அந்த ஆண்டு நூலாக வெளியிட்ட ‘குவாட்பேக்’, ஃபோர்ட்ரான் நிரல்களின் தொகுப்பு. அதன் அடிப்படை சோவியத் கணிதர் குரோன்ராட் 1960-களில் தந்த யோசனை: காஸின் தொகையீட்டு முறையில் சார்பை மதிப்பிடும் 10 புள்ளிகளோடு இன்னும் 11 சேர்த்தால், பழைய மதிப்புகளை வீணாக்காமல் இரண்டாவது விடையும் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து பிழையை மதிப்பிடலாம். பிழை மிகுந்த இடைவெளியை மட்டும் பாதியாக வெட்டு, மறுபடி கணக்கிடு. அழகான சிக்கனம்! ஆனால் சார்பு தருவது ஒரே எண் என்ற அனுமானம் அதில் ஊறிப்போயிருந்தது. சைபை அந்த நிரல்களையே உள்ளே வைத்துக்கொண்டதால் அனுமானமும் கூடவே வந்தது.

பல மதிப்புகள் வந்தால் எதன் பிழையைப் பார்த்து வெட்டுவது? 2019 டிசம்பரில் சைபை 1.4-உடன் வந்த ‘குவாட்_வெக்’, எல்லாப் பிழைகளையும் ஒரு திசையனாக்கி அதன் நீளத்தைப் பார்த்தது. எளிய தீர்வு, தாமதமாக வந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெரிய கூறு சிறியதன் பிழையை மறைத்துவிடும். முதலில் கூறுகளின் அளவுகளைச் சமப்படுத்திவிட்டு ‘குவாட்_வெக்’கை அழையுங்கள்.