தபால் பார்சல், லாட்ஜ் ரூம், டாக்டர் அறை: ஒரு கூச்சத்தின் வரலாறு

இந்த வாரம் நான் எடுத்துக்கிட்டது, நம்ம ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம். டாக்டர்கள் இதை விறைப்புத்தன்மைக் குறைபாடு என்பார்கள். சுவரில் இருப்பது ‘ஆண்மைக்குறைவு’.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம்னு எந்த பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலும் அந்த போஸ்டரைப் பார்த்திருப்பீங்க. மாதத்தில் எந்தத் தேதி, எந்த லாட்ஜ், எத்தனாம் நம்பர் ரூம் என்று போட்டிருக்கும். வைத்தியர் வெளியூரிலிருந்து வருவார், ஒரு நாள் தங்கிப் பார்ப்பார், கிளம்பிவிடுவார்.

இதை வெறும் மோசடின்னு ஒதுக்கிட்டா பாதிக் கதைதான் புரியும். லாட்ஜுக்குள்ள போறவரை ‘எதுக்குப் போறே’ன்னு யாரும் கேட்க மாட்டாங்க. அந்த வைத்தியருக்கு உங்க மாமனாரையோ பங்காளியையோ தெரியாது. உள்ளூர் டாக்டருக்கு எல்லாரையும் தெரியும். மருந்தோடு சேர்த்து ரகசியமும் அங்கே விலைக்குக் கிடைத்தது.

இந்த வியாபாரம் லாட்ஜில் தொடங்கியதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, குஜராத்தின் ஜாம்நகரில் தயாரான ‘ஆதங்க நிக்ரஹ மாத்திரை’ போன்ற மருந்துகள் பத்திரிகைகளில் விளம்பரமாகின. ஒரு கார்டு போட்டால் இப்படிப்பட்ட மருந்துகள் வி.பி.பி.யில் வீட்டுக்கே வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்தால் போதும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1954-இல், இந்த வகை விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆண்மைக்குறைவைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்தால், முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை. ஹம்தர்த் தவாகானா நிறுவனம் வழக்குப் போட்டது. 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கினாலும் இந்தத் தடை நிலைத்தது.

ஆனா போஸ்டர் நிக்கல. காரணம் எளிது. ஏமாந்தவர் புகார் கொடுக்கணும்னா, முதல்ல தன் பிரச்சினையைச் சொல்லியாகணுமே!

இதே காலத்தில் மருத்துவமும் மாறியது. இது பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்டது என்றே டாக்டர்கள் வெகுநாள் நம்பினார்கள். 1983-இல் லாஸ் வேகஸில் நடந்த மாநாட்டில், பிரிட்டிஷ் விஞ்ஞானி கைல்ஸ் பிரிண்ட்லி தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, மருந்தால் விறைப்பு வரும் என்று மேடையிலேயே காட்டினார். ரத்த ஓட்டத்தின் பங்கு கண்முன் தெரிந்தது. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாஃபில், 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் இதற்கான மருந்தாக அனுமதி பெற்றது. அதுதான் வயாகரா. அப்போதைய நம் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால், 2005-க்கு முன்பே இந்தியக் கம்பெனிகளின் மாத்திரைகள் கடைக்கு வந்துவிட்டன.

விஜய் டிவியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் ‘புதிரா புனிதமா’ நடத்தியது ஏறத்தாழ அந்தக் காலம்தான். ஒரு டாக்டர் இதையெல்லாம் தமிழில் கூச்சமில்லாமல் பேசுவதை வீட்டில் உட்கார்ந்தே கேட்க முடிந்தது. இருந்தாலும் பலர் டாக்டரிடம் போகாமல் மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போனார்கள். லாட்ஜ் ரூம் செய்த வேலையை அந்தக் கவுண்ட்டர் செய்ய ஆரம்பித்தது.

இங்கதான் ஆபத்து. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபிலும் போட்டால், ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கலாம். ‘மூலிகை’ என்று விற்ற சில கேப்சூல்களிலும் அதே மருந்து கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

இன்னொன்று. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத்துக்குப் போவது 3 முதல் 4. அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே வரும் எச்சரிக்கையாக இது இருக்கலாம். சுகர் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

லாட்ஜ் வைத்தியர் ‘சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா’ன்னு கேட்டுப் பயமுறுத்துவார். அதனால் இந்தக் குறை வருவதில்லை. டாக்டர் கேட்பது வேற: சுகர், பிரஷர், சிகரெட், குடி, இப்போ சாப்பிடற மாத்திரைகள், மனக்கவலை. காலையில் எழும்போது விறைப்பு இருக்கா என்றும் கேட்பார். இருந்தால், காரணம் மனசுப் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால புது டாக்டரைத் தேடி அலைய வேண்டாமுங்க. சுகருக்கோ பிரஷருக்கோ ஏற்கெனவே பார்க்கிற டாக்டர்கிட்டயே, எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி: “டாக்டர், மூணு மாசமா விறைப்பு சரியா வர்றதில்லீங்க.” மிச்சத்தை அவர் கேட்டுக்குவார். தேவைப்பட்டா யூராலஜிக்கு அனுப்புவார். அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.