ஹவ் குடும்பம், சட்பரி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்பரி, மார்ல்பரோ ஆகிய பக்கத்துப் பக்கத்து ஊர்களில் 17ஆம் நூற்றாண்டில் காலூன்றிய குடும்பம். நிலம் வைத்திருந்தது, பாஸ்டனிலிருந்து மேற்கே செல்லும் அஞ்சல் சாலையில் பயணியர் விடுதி நடத்தியது. சட்பரியில் இக்குடும்பத்தார் தொடங்கிய விடுதி 1716 முதல் 1861 வரை 145 ஆண்டுகள், அப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு என்று நான்கு தலைமுறை நடந்தது. கவிஞர் லாங்ஃபெல்லோவின் 'வேசைட் விடுதிக் கதைகள்' என்னும் நூலால் புகழ்பெற்ற வீடு அதுதான். கவிதையால் வந்த பெயர் பெரிது. ஆனால் இக்குடும்பத்தின் உண்மையான வரலாறு நிலப் பத்திரங்களிலும் விடுதி உரிமப் பதிவுகளிலும்தான் இருக்கிறது.

மூதாதை

குடும்பத்தின் முதல்வர் இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் ஹவ். பழைய ஆவணங்களில் இவர் பெயர் ஆங்கிலத்தில் கடைசி எழுத்தான 'ஈ' இல்லாமலேயே எழுதப்பட்டது. அது பின்வந்தவர்கள் சேர்த்துக்கொண்டது. 1638இல் குடியேற்றம் தொடங்கிய சட்பரியின் முதல் குடிகளில் ஒருவர். 1640இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் வாக்குரிமையுள்ள உறுப்பினராக ஏற்கப்பட்டார். ஊர் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்களை அடக்கி வைக்கும் பொறுப்பை 1655இல் ஊரார் இவரிடம் ஒப்படைத்தார்கள். தூய்மைவாதக் கிறித்தவர்களின் ஊரில் அது சிறிய வேலையல்ல. ஊர் நம்பும் ஆளுக்கே அதைக் கொடுப்பார்கள்.

அந்த ஆண்டுகளில் சட்பரியை இரண்டாகப் பிளந்தது ஒரு நிலத் தகராறு. ஊரின் மேற்கே இரண்டு மைல் அகலத்துக்குப் புதிய நிலத்தைக் குடியேற்ற அரசு 1649இல் ஊருக்கு அளித்திருந்தது. அதை எப்படிப் பங்கிடுவது? ஆற்றோரப் புல்வெளிகளை ஏற்கெனவே கூடுதலாகப் பெற்றிருந்த மூத்த குடிகள், பழைய பங்கின் அளவுக்கேற்பவே புதிய நிலமும் வர வேண்டும் என்றார்கள். குறைந்த பங்கு பெற்றவர்களும், அப்போதுதான் வயது வந்த இளைஞர்களும், எல்லாருக்கும் சமமாக அளக்க வேண்டும் என்று நின்றார்கள். ஊரின் போதகர் மூத்தவர்கள் பக்கம். வழக்கு குடியேற்றத்தின் பேரவை வரை போயிற்று. கடைசியில் சமப் பங்கு கேட்டவர்களே வென்றார்கள்: 1658இல் புதிய நிலம் ஆளுக்கு 130 ஏக்கர் வீதம் அளக்கப்பட்டது.

ஆனால் மனக்கசப்பு ஆறுவதற்கு முன்பே ஒரு கூட்டம் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டது. தங்களுக்கென்று தனி ஊர் வேண்டும் என்று 1656இல் பேரவையிடம் மனுக் கொடுத்தவர்களில் ஜான் ஹவ்வும் ஒருவர். மார்ல்பரோ அப்படிப் பிறந்த ஊர். அங்கே முதலில் வீடு கட்டியவர்களில் இவரும் ஒருவர்; 1660களில் முதல் விடுதியைத் திறந்தவரும் இவரே என்று ஊர் வரலாறுகள் சொல்கின்றன. குடும்பத் தொழில் இங்கே தொடங்குகிறது. 1680இல் இறந்தபோது, குதிரைப் படையில் அவர் மகன் தாமஸ் ஏறிச் சென்றுகொண்டிருந்த குதிரையை அவனுக்கே உயிலில் எழுதிவைத்திருந்தார்.

இந்த நிலம் ஆளில்லாமல் கிடந்த நிலமல்ல. மார்ல்பரோவை ஒட்டியே, கிறித்தவம் தழுவிய பூர்வகுடிகளுக்காக ஒதுக்கப்பட்ட ஒக்கூகாங்கன்செட் என்னும் குடியிருப்பு இருந்தது. 1675இல் பூர்வகுடித் தலைவர் மெட்டாகாமின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் போர் மூண்டது. ஆங்கிலேயருக்கு நட்பாக இருந்த பூர்வகுடிகளையும் கூடப் பிடித்து, பாஸ்டன் துறைமுகத்திலுள்ள மான் தீவில் அடைத்தார்கள். பசியிலும் குளிரிலும் பலர் அங்கே மடிந்தார்கள். மறுபக்கம், 1676 மார்ச்சில் மார்ல்பரோ தாக்கப்பட்டு எரிந்தது. ஏப்ரலில் சட்பரியில் கடும் சண்டை நடந்தது. போர் முடிந்தபின் பூர்வகுடிகளின் நிலம் ஆங்கிலேயர் கைக்குப் போவது வேகமெடுத்தது.

அதில் ஹவ் குடும்பத்துக்கும் பங்குண்டு. ஜானின் மகன் சாமுவேல் ஹவ் (1642–1713) சாமுவேல் கூக்கின் என்பவரோடு சேர்ந்து 1682இல் நேட்டிக் என்னும் ஊரின் பூர்வகுடிகளிடம் 200 ஏக்கர் என்று எழுதிய பத்திரம் ஒன்றை வாங்கினார். பிறகு அந்தப் பத்திரத்தைக் காட்டி அதைப் போலப் பல மடங்கு நிலத்தை இருவரும் விற்றார்கள். நிலத்தை இழந்தவர்கள் பேரவையிடம் முறையிட்டார்கள். குடும்பப் பெருமை பேசும் வம்சாவளி நூல்கள் இதைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுகின்றன. குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் கடக்க முடியாத இடம் இது.

சாலை, உரிமம், வீடு

சட்பரியின் புதிய நிலத்தில் 130 ஏக்கரைச் சாமுவேல் 1702இல் தம் மகன் டேவிட் ஹவ்வுக்கு (1674–1759) எழுதிக் கொடுத்தார். பாட்டன் காலத்துத் தகராறு தீர்த்துவைத்த அதே அளவுப் பங்கு. டேவிட் அங்கே கட்டிய முதல் வீடு மிகச் சிறியது: கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. 1707ஐ அதன் ஆண்டாகக் கொள்வது வழக்கம். இடம்தான் பெரிய அதிர்ஷ்டம். நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு 1673இல் முதல் அஞ்சல் குதிரைக்காரர் வந்த தடம் பின்னாளில் நாட்டின் முதன்மையான சாலைகளில் ஒன்றாக வளர்ந்தது. டேவிட்டின் வீட்டு வாசலை ஒட்டியே அது போயிற்று. குழந்தைகள் பெருகிய வீட்டில் வழிப்போக்கரும் தங்கத் தொடங்க, 1716இல் டேவிட் விடுதி நடத்த உரிமம் பெற்றார்.

அந்தக் காலத்து மாசசூசெட்ஸில் விடுதி என்பது விரும்பியவர் திறந்துகொள்ளும் கடையல்ல. விடுதி வைத்திராத ஊருக்கு அபராதம் என்றே 1656இல் சட்டம் வந்தது. நடத்துபவருக்கோ கட்டுப்பாடுகள் ஏராளம். ஊர் நிர்வாகக் குழு நல்லொழுக்கத்துக்குச் சான்று தர வேண்டும். மாவட்ட நீதிமன்றம் உரிமம் தர வேண்டும். அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயணிக்குப் படுக்கை, குதிரைக்குத் தீனி, கொட்டில் எல்லாம் இருந்தால்தான் மது விற்கலாம். ஆகவே உரிமம் கையில் இருப்பதே ஊரில் மதிப்புக்குரிய ஆள் என்பதற்கு அத்தாட்சி. நிலம் இருந்ததால் ஆப்பிள் சாறும் தானியமும் வைக்கோலும் சொந்தத் தோட்டத்திலிருந்தே வந்தன. நிலமும் விடுதியும் ஒன்றையொன்று தாங்கின. பக்கத்து ஊர்களில் பல விடுதிகள் ஓரிரு தலைமுறையில் கைமாறியபோது இது நிலைத்ததற்கு இந்தப் பொருத்தமே முதற்காரணம் என்று சொல்லலாம்.

இன்னொரு காரணம் சொத்துரிமை வழக்கம். இங்கிலாந்தின் பெருங்குடும்பங்களைப் போல மூத்தவனுக்கே முழு நிலமும் என்ற முறை இங்கே வேரூன்றவில்லை. உயில் இல்லாவிட்டால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்றப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பங்கு என்பதே சட்டம். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் மூன்றாம் தலைமுறையில் கையகல நிலம்தான் மிஞ்சும். ஹவ் குடும்பத்தில் விடுதியும் அதைச் சுற்றிய பண்ணையும் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே மகன் கையில் நின்றன. மற்றக் கிளைகள் மேற்கே புதிய ஊர்களுக்குப் பரவின.

டேவிட்டின் மகன் எசேக்கியேல் (1720–1796) 1740களில் பொறுப்பேற்றார். அவர் காலத்தில் வீடு பல அறைகளாக விரிந்தது. 'செங்குதிரை விடுதி' என்று பெயர் பெற்றது. அவர் உள்ளூர்ப் படையின் அதிகாரியும் ஆவார். 1775 ஏப்ரல் 19 அதிகாலையில் ஆங்கிலேயப் படை வருகிறது என்ற செய்தி எட்டியதும் சட்பரியின் ஆட்களோடு கான்கார்டுக்கு நடந்தார். அன்றைய சண்டையில் உயிரிழந்த சட்பரிக்காரர் இருவரில் ஒருவர் ஜோசையா ஹேன்ஸ், வயது 79. ஊர்க் கூட்டம், ஏலம், படைப்பயிற்சி முடிந்த பிறகான விருந்து எல்லாம் நடக்கும் இடத்தின் உரிமையாளரே படையையும் நடத்திச் சென்றது தற்செயலல்ல. அன்றைய விடுதிக்காரர் ஊரிலுள்ள ஒவ்வொருவரையும் அறிந்தவர்.

எசேக்கியேலுக்குப் பின் ஆடம் (1763–1840). தொலைதூரக் குதிரை வண்டிகள் ஓடிய பொற்காலம் இவருடையது. நடனக்கூடமும் சேர்ந்து வீடு அதன் முழு உருவை அடைந்தது.

கடைசி விடுதிக்காரர்

பாஸ்டனிலிருந்து உஸ்டர் நகருக்கு 1835இல் ரயில் வந்தது. அது தெற்கே ஃபிரேமிங்ஹாம் வழியாகப் போயிற்று. சட்பரிச் சாலையில் வண்டிகள் குறைந்தன; விடுதியில் வருமானம் தேய்ந்தது. அப்போது பொறுப்பில் இருந்தவர் ஆடமின் மகன் லைமன் ஹவ் (1801–1861). படித்தவர், சமாதான நீதிபதி, ஊர்ப் பள்ளிக் குழு உறுப்பினர், வானியலில் ஆர்வம் கொண்டவர். மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய தமக்கை ஜெருஷாவும் (1797–1842) மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து இறந்தார். சட்பரிக்கு வந்த முதல் பியானோ இவருடையது என்பார்கள். திரும்பி வருவதாகச் சொல்லிப் போன ஆங்கிலேயக் காதலருக்காகக் காத்திருந்தார் என்ற கதை ஊரில் உண்டு. அது கதை மட்டுமே.

1861இல் லைமன் இறந்தார். சட்பரி விடுதியில் ஹவ் வரிசை அதோடு முடிந்தது. சொத்து உறவினர்களுக்குப் போயிற்று. வீட்டில் வாடகைக்குச் சிலர் குடியிருந்தார்கள். வழிப்பயணிகளுக்கான விடுதியாக அது நடக்கவில்லை.

லாங்ஃபெல்லோ தம் பதிப்பாளர் ஜேம்ஸ் ஃபீல்ட்ஸுடன் 1862 அக்டோபரில் அங்கே போனபோது பார்த்தது இந்தப் பழைய வீட்டைத்தான். முந்தைய ஆண்டில்தான் அவர் மனைவி தீவிபத்தில் இறந்திருந்தார். 1863இல் வெளிவந்த நூலில், விடுதியின் கணப்பருகே கூடிய நண்பர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 1775இல் ஆங்கிலேயப் படை வருவதை அறிவிக்கச் சென்ற பால் ரெவியரின் இரவுப் பயணத்தைச் சொல்வது விடுதிக்காரர். அந்தப் பாத்திரத்துக்கு மூலம் லைமன். இசைக்கலைஞராக வருபவர் நார்வேயின் வயலின் கலைஞர் ஓலே புல். இப்படி எல்லாரும் உண்மை மனிதர்கள். ஆனால் அவர்கள் அந்த விடுதியில் ஒன்றாகக் கூடியதே இல்லை.

இந்த நூல் குடும்பத்துக்குச் செய்த நன்மை பெரிது. வம்சாவளிக்குச் செய்த கெடுதலும் உண்டு. விடுதியின் கூடத்தில் ஒரு குலச் சின்னம் தொங்கியது. இங்கிலாந்தின் பட்டம் பெற்ற ஹவ் பிரபுக்களின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது வீட்டார் நம்பிக்கை. கவிதையும் அதை ஏற்று, விடுதிக்காரரைப் பழைய பிரபு வம்சத்தவராகக் காட்டியது. அச்சில் வந்ததும் நம்பிக்கை சரித்திரமாகிவிட்டது. ஜான் ஹவ்வை அந்தப் பிரபுக் குடும்பத்தோடு இணைக்கும் சான்று எதுவும் நிறுவப்படவில்லை.

வீட்டின் பிற்காலம்

1897இல் எட்வர்ட் லெமன் என்பவர் வீட்டை வாங்கி, கவிதையின் பெயரையே சூட்டி மீண்டும் விடுதியாக்கினார். 1923இல் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு அதை வாங்கினார். சுற்றிலும் சுமார் 3,000 ஏக்கர் சேர்த்தார். வாகன அதிர்வு வீட்டைத் தொடாமல் இருக்க நெடுஞ்சாலையையே சுற்றுவழியில் திருப்பினார். பழைய பள்ளிக்கூடம் ஒன்றைப் பெயர்த்து வந்து வைத்தார். 1929இல் நீராற்றலால் இயங்கும் மாவு ஆலை கட்டினார். 1955 டிசம்பரில் தீ வீட்டின் பெரும்பகுதியை அழித்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் சீரமைத்து 1958இல் திறந்தார்கள். இப்போது லாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. நாட்டில் இயங்கிவரும் மிகப் பழைய விடுதி என்று இதைச் சொல்வோர் பலர். 1861க்கும் 1897க்கும் இடையிலான இடைவெளியைக் கணக்கில் எடுத்தால், அது அப்படியே ஒப்புக்கொள்ளத்தக்க கூற்றல்ல.

கிளைகளும் பதிவுகளும்

விடுதி வரிசை நின்றாலும் ஜானின் வழித்தோன்றல்கள் நாடெங்கும் பரவினார்கள். மாசசூசெட்ஸின் ஸ்பென்சர் ஊரில் பிறந்த எலியாஸ் ஹவ் (1819–1867) அவர்களில் பெரும்புகழ் பெற்றவர். 1846இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர். மரமும் இரும்புக் கம்பியும் கலந்த சட்டகப் பாலத்தை வகுத்த வில்லியம் ஹவ் அவருடைய சித்தப்பா முறை.

குடும்பத்தின் முழு வம்சாவளியைத் தொகுத்தவர் இந்தியானா மாநிலத்து நீதிபதி டேனியல் வெயிட் ஹவ். அவர் இறந்த பின் கில்மன் பிகலோ ஹவ் செப்பனிட்ட தொகுப்பு 1929இல் வெளிவந்தது. அந்த நூலே ஓர் எச்சரிக்கையையும் தருகிறது: தொடக்ககால நியூ இங்கிலாந்தில் ஹவ் என்ற பெயரில் குறைந்தது ஐந்து குடும்பங்கள் இருந்தன. ராக்ஸ்பரியில் ஒன்று, லின்னில் ஒன்று, இப்ஸ்விச்சில் ஒன்று. 1692இல் சேலம் சூனிய வழக்கில் தூக்கிலிடப்பட்ட எலிசபெத் ஹவ் இப்ஸ்விச் குடும்பத்தின் மருமகள், சட்பரியோடு தொடர்பில்லை. எல்லாவற்றையும்விடக் குழப்புவது மார்ல்பரோவிலேயே வாழ்ந்த ஆபிரகாம் ஹவ்வின் குடும்பம். ஒரே ஊர், ஒரே தலைமுறை, பிள்ளைகளுக்கும் அதே விவிலியப் பெயர்கள்.

ஆகவே தம் குடும்பத்தை இந்த ஹவ்களோடு இணைக்க முயல்பவர், அச்சிட்ட வம்சாவளியோடு நின்றுவிடாமல், 1850 வரையிலான ஊர்ப் பிறப்பு–இறப்புப் பதிவுகளையும் மிடில்செக்ஸ் மாவட்டத்தின் உயில்கள், நிலப் பத்திரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெயர்கள் ஒன்றாக இருந்தாலும், எந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பதை அவை பிரித்துக் காட்டும்.