எண்ணெய் வேண்டாத கடிகாரம்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பிராக்கிள்ஸ்பி பார்க் என்று ஒரு பெரிய மாளிகை. அதன் குதிரை லாயத்துக்கு மேலே கோபுரக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. 1720-களின் தொடக்கத்தில் ஏற்றியது, இன்னும் ஓடுகிறது. எண்ணெயே விட வேண்டாதபடி செய்த கடிகாரம் அது. செய்தவர் கடிகாரக்காரர் இல்லை. ஜான் ஹாரிசன் என்ற அந்த வட்டாரத்துத் தச்சர்.

அந்தக் காலத்துக் கடிகாரத்துக்கு எண்ணெய்தான் உயிர், எண்ணெய்தான் எமன். குளிரில் இறுகும், வெயிலில் இளகும், நாளானால் பிசினாகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். லண்டனில் இந்தத் தொழில் கற்க வந்த பையன் முதலாளியிடம் ஏழு வருடம் கிடக்க வேண்டும். எங்கே எவ்வளவு எண்ணெய் விடுவது, எப்போது துடைத்து மறுபடி விடுவது என்பதெல்லாம் அவன் கைக்கு வந்துவிடும். எண்ணெய் எதற்கு என்று கேட்கத்தான் தோன்றாது.

ஹாரிசன் எந்தக் கடிகாரக்காரரிடமும் தொழில் பழகியதாகத் தெரியவில்லை. அப்பா தச்சர், மகனும் தச்சர். இருபது வயது வாக்கில், 1713-ல் அவர் செய்த முதல் ஊசல் கடிகாரத்தில் பற்சக்கரங்கள்கூட ஓக் மரம்தான். கோபுரக் கடிகாரத்துக்கு லிக்னம் வைட்டே என்ற மேற்கிந்தியத் தீவு மரத்தை எடுத்தார். தண்ணீரில் போட்டால் கல்போல் மூழ்கும், அவ்வளவு வைரம் பாய்ந்த கட்டை. அதற்குள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. உராயும் இடங்களில் அதைப் பொருத்தினார். தொல்லை தீர்ந்தது.

இப்படி ஒரு ஆள் கிடைத்தால் 'படிக்காத மேதை' என்று மாலை போட நம் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுக்கலாம், ஹாரிசன் படித்தவர்தான். ஊருக்கு வந்த பாதிரியார் ஒருவர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கோலஸ் சாண்டர்சனின் அறிவியல் உரைகளைக் கையெழுத்துப் பிரதியாகக் கொடுக்க, வரி விடாமல், படம் விடாமல் அத்தனையையும் தன் கையால் எழுதி வைத்துக்கொண்டார். பாடம் மட்டும் வீடு தேடி வந்தது. இது உன் வேலை, அது உன் வேலையில்லை என்று பிரித்துச் சொல்ல ஆள் வரவில்லை.

இந்தத் தச்சர் ஏன் கடலுக்குப் போனார் என்பதுதான் மீதிக் கதை.

1707-ல் சில்லி தீவுகளின் பாறைகளில் மோதி நான்கு ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ஏழு வருடம் கழித்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கடலில் தீர்க்கரேகையை அரைப் பாகைப் பிழைக்குள் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு.

கணக்கு எளிது. நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வந்தால் அங்கே பகல் 12. அந்த நொடியில் புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்தால், ஒரு மணி வித்தியாசத்துக்கு 15 பாகை. ஆறு வாரப் பயணத்தில் கடிகாரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகக் கூடாது, அவ்வளவுதான். அலையாட்டம், சூடு, குளிர், ஈரம் எல்லாவற்றையும் தாங்கும் அப்படி ஒரு கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை என்று நியூட்டன் சொல்லியிருந்தார். அன்றைக்கு அது உண்மை. 'செய்யப்படவில்லை' என்றதைப் பலர் 'செய்ய முடியாது' என்று எடுத்துக்கொண்டார்கள்.

பரிசைத் தீர்மானிக்கும் வாரியத்தில் அரச வானியலாளரும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர்களும் இருந்தார்கள். வானியல்காரர்களுக்கு விடை வானத்தில் இருப்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை. நிலவுக்கும் விண்மீனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து, மணிக்கணக்கில் கணக்குப் போடும் முறையை நம்பினார்கள்.

எல்லோரும் அப்படி இல்லை. 1730 வாக்கில் லண்டன் வந்த ஹாரிசனை, அப்போது அரச வானியலாளராக இருந்த ஹாலி, ஜார்ஜ் கிரஹாம் என்ற பெரிய கடிகாரக்காரரிடம் அனுப்பினார். கிரஹாம் வட்டியில்லாமல் பணம் கொடுத்தார். ஐந்து வருடத்தில் 34 கிலோ எடையில் முதல் கடல் கடிகாரம் தயார். அதிலும் மரச் சக்கரங்கள், அதுவும் எண்ணெய் கேட்காது. 1736-ல் லிஸ்பன் போய்த் திரும்பும்போது, கண்ணில் பட்ட கரை எதுவென்று கப்பல் மாஸ்டர் தவறாகச் சொல்ல, ஹாரிசன் சரியாகச் சொன்னார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. பெரிய கடிகாரம் செய்வதில் கை தேர்ந்த ஹாரிசன், பெரிய கடிகாரத்திலேயே மாட்டிக்கொண்டார். மூன்றாவதை மட்டும் 19 வருடம் செய்தார், 753 உறுப்புகள், சரிவரவில்லை. பள்ளிக்கூடம்தான் மூளைக்குச் சுவர் கட்டும் என்பதில்லை, ஒருமுறை ஜெயித்த வழியும் கட்டும். 1753-ல் ஜெஃப்ரீஸ் என்ற தொழிலாளி, ஹாரிசன் சொன்னபடி ஒரு பாக்கெட் கடிகாரம் செய்து கொடுத்தார். அது எதிர்பாராத அளவுக்கு நேரம் தவறாமல் ஓடியது. சின்னது, வேகமாகத் துடிப்பது, அதனால் அலையாட்டம் அதை அசைக்காது. அறுபதை எட்டிய மனிதர் பாதை மாறினார். 1759-ல் முடிந்த நான்காவது கடிகாரத்தின் குறுக்களவு 13 செ.மீ. மரம் போயிற்று, வைரம் பாய்ந்த கட்டைக்குப் பதில் வைரக் கல். அதற்கு எண்ணெய் தேவைப்பட்டது. எண்ணெயை ஒழித்தவரே எண்ணெய் விட்டார்!

ஜமைக்காவுக்கு அவர் மகன் வில்லியம் எடுத்துப் போனார். 81 நாளில் பிசகியது 5 நொடி. வாரியம் அதிர்ஷ்டம் என்றது. பார்படோஸுக்கு அனுப்பி மறுபடி சோதித்தார்கள், அதிலும் தேறியது. இதற்குள் நிலவுக் கணக்கின் தலைவர் நெவில் மாஸ்கலின் அரச வானியலாளராகி வாரியத்திலும் உட்கார்ந்துவிட்டார். போட்டியாளரே நடுவர். பழைய மூன்று கடிகாரங்களையும் வாரியத்துக்காக எடுத்துப்போக மாஸ்கலினே வந்தபோது, முதலாவது கைநழுவி விழுந்தது. ஆனாலும் அவரை வில்லனாக்குவது நியாயமில்லை. அவர் போட்ட பஞ்சாங்கத்தை வைத்துக் கப்பல்கள் நெடுங்காலம் ஓடின.

கிழவர் கடைசியில் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் போனார். 1773-ல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. வாரியம் பரிசென்று கடைசிவரை அறிவிக்கவில்லை. ஹாரிசன் எழுதியதைப் படித்தால் வாரியத்தின் மேல் சற்று இரக்கம்கூட வரும். ஒரு வாக்கியம் பக்கம் பக்கமாக நீளும். எழுத்தை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

நான்கு கடிகாரங்களும் கிரீனிச்சில் இருக்கின்றன. எண்ணெய் வேண்டாத முதல் மூன்றும் ஓடுகின்றன. உலகக் கப்பல் கடிகாரங்களுக்கெல்லாம் முன்னோடியான நான்காவதுக்கு எண்ணெய் விட வேண்டும், ஓடினால் தேயும் என்பதால் அதை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள்.