மாரிஸும் 'நித்தியம்' என்ற சொல்லும்

1854 ஜனவரியில் டெனிஸன், எஃப். டி. மாரிஸ் என்ற பாதிரியாரைத் தம் வீட்டுக்கு அழைத்து ஒரு கவிதை எழுதினார். பி.ஏ. படிக்கையில் அது எனக்கு வெறும் விருந்தழைப்பாகத்தான் பட்டது. சில மாதங்களுக்கு முன்பு அந்த மனிதர் வேலை பறிபோய் நின்றார் என்பதும், காரணம் நரகம் என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை.

லண்டன் கிங்ஸ் காலேஜில் மாரிஸ் பேராசிரியர். 1853-இல் வந்த அவருடைய இறையியல் கட்டுரைத் தொகுப்பின் கடைசிக் கட்டுரை 'நித்தியம்' என்பதைப் பற்றியது. அந்தச் சொல்லுக்கு முடிவற்ற காலம் என்று பொருள்கொள்வதே தவறு என்றார். யோவான் சுவிசேஷம் கடவுளை அறிவதைத்தான் நித்திய ஜீவன் என்கிறது; அப்படியானால் நித்திய மரணம் அந்த அறிவை இழப்பது; அதை வருஷக் கணக்கில் நீட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கல்லூரி முதல்வர் ஜெல்ஃப் இதை ஏற்கவில்லை. இறையியலாளர்கள் பரிசீலிக்கட்டும் என்று நிர்வாகக் குழுவில் கிளாட்ஸ்டன் வாதாடித் தோற்றார். அக்டோபரில் மாரிஸ் வெளியேற்றப்பட்டார்.

இதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடும். நம் புராண நரகங்கள் பெரும்பாலும் தவணைக் கணக்குள்ளவை. அனுபவித்துத் தீர்த்தால் வெளியேறலாம். (மத்வர் போன்ற விலக்குகள் உண்டு.) கிறிஸ்தவத்திலும் மூன்றாம் நூற்றாண்டு அலெக்ஸாண்ட்ரியாவின் ஓரிஜென், முடிவில் எல்லா உயிர்களும் மீட்கப்படும் என்று கருதியவர். இறந்து முந்நூறு வருஷத்துக்குப் பிறகு, 553-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சபை அவரைச் சபித்தது.

மாரிஸ் ஓரிஜெனின் கட்சியும் அல்ல. எல்லோரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று அவர் சொல்லவே இல்லை. மனித சித்தம் கடவுளின் அன்பை எவ்வளவு தூரம் எதிர்த்து நிற்கும் என்று தீர்ப்புச் சொல்லத் தமக்குத் துணிவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு தரப்பும் அவரைக் குழப்பவாதி என்றன. நடை மங்கலானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மங்கலில் ஒரு நேர்மை இருக்கிறது. அதன் வேர் அவர் வீட்டில் இருந்தது.

தந்தை யூனிடேரியன் போதகர். மூத்த பெண்கள் ஒவ்வொருவராக அந்தச் சபையை விட்டு விலகினார்கள். பிறகு தாயும், தம் மனமாற்றத்தைக் கணவருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். அவர் போய்ச் சேர்ந்தது கால்வினிஸத்தில்: தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் யாரென்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் நம்பிக்கையில். அதை முழுமனதோடு ஏற்ற அந்தப் பெண்மணி, தாம் அவர்களில் ஒருவரல்ல என்றும் உறுதியாக நம்பினார். இதற்கு நிகரான ஒரு பாத்திரத்தை நாவலில் படைத்தால் மிகை என்போம். இந்தத் தாயோடு வளர்ந்தவனுக்கு நரகம் வாதத்துக்கான பொருளாக இருந்திருக்க முடியாது.

சட்டம் வேறு வழியில் போயிற்று. 1860-இல் வெளியான ஒரு கட்டுரைத் தொகுப்பில், தண்டனை பெற்றவர்களுக்கும் முடிவில் மன்னிப்புக் கிடைக்கலாம் என்று நம்பிக்கை தெரிவித்த வில்ஸன் என்ற பாதிரியார்மீது வழக்கு. 1553-இன் 42 விதிகளில் கடைசி விதி சர்வ இரட்சிப்பைக் கண்டித்தது. பத்து வருஷம் கழித்து விதிகளைத் திருத்தியபோது அது விடுபட்டுப்போனது. ஆகவே வில்ஸன் எந்த விதியையும் மீறவில்லை என்று 1864-இல் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்தது. தீர்ப்பை வாசித்த வெஸ்ட்பரி பிரபு நரகத்தைச் செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்துவிட்டார் என்று கேலி பேசினார்கள். உடனே சுமார் 11,000 குருமார்கள் நித்திய தண்டனையை நம்புவதாகக் கையெழுத்திட்டார்கள். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இந்த எண்ணிக்கை திகைப்பூட்டுகிறது: எல்லையுள்ள ஒரு முதலுக்கு எல்லையற்ற வட்டி கேட்டு இத்தனை கையெழுத்துகள்!

அவர்களுடைய வலுவான வாதம் அகஸ்டினுடையது. மத்தேயு 25:46-இல் தண்டனைக்கும் ஜீவனுக்கும் ஒரே அடைமொழி; ஒன்று முடியுமென்றால் மற்றதும் முடியும். நம் தமிழ் வேதாகமமும் இரண்டுக்கும் 'நித்திய' என்றே போடுகிறது. மாரிஸ் இந்த ஒற்றுமையை மறுக்கவில்லை. அவர் கேட்டதெல்லாம், ஜீவனைக் காலத்தால் அளக்காத நீங்கள் தண்டனையை மட்டும் ஏன் அளக்கிறீர்கள் என்பதுதான்.