கடல்கடந்த கல்வியும் உத்தியோகமும்

நம் மரபினருள் நிலத்தை ஈடுவைத்து மக்களை இங்கிலாந்துக்குக் கல்விபயில அனுப்புவோர் உளர். பட்டம்பெற்றபின் அந்நாட்டிலேயே ஊதியம் ஈட்டிக் கடனைத் தீர்க்கலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை எத்துணை உறுதியுடையதெனச் சரித்திரங்கொண்டு ஆராய்வோம்.

தன்பாற் பட்டம்பெற்ற அந்நியதேச மாணாக்கர் இரண்டாண்டு தங்கி வேலைசெய்ய 2005-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து இடந்தந்தது. 2008-இல் அவ்வுரிமை பிரிட்டன் முழுமைக்கும் வழங்கப்பெற்றது. 2012 ஏப்ரலில் அரசாங்கத்தார் அதனை மூடிவிட்டனர். அதனையே நம்பிக் கடன்பட்ட குடும்பங்களின் துயரம் சொல்லவும் வேண்டுமோ? ஒன்பதாண்டு கழிந்து, 2021 ஜூலையில் அவ்வுரிமை மீண்டும் பிறந்தது: பட்டதாரிகட்கு இரண்டாண்டு, டாக்டர் பட்டத்தார்க்கு மூன்றாண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகட்கு அவ்விரண்டாண்டு 18 மாதமாகக் குறையுமென 2025-இல் அறிவித்தனர்.

அரசாங்கம் தருவதை அரசாங்கமே மீட்டுக்கொள்ளும் என்பது இதனாற் பெறப்படும். படிக்குங்காலத்தும் பட்டவகுப்பு மாணாக்கர் பருவநாட்களில் வாரத்திற்கு 20 மணிக்குமேல் உழைத்தல் ஆகாது. அதனால் வருங் கூலியைக்கொண்டு பெருங்கடன் தீராது. உரிமைக்காலம் முடிந்தபின் உத்தியோகத்தில் நிலைக்க விரும்புவோர்க்கு, அந்நாட்டு அரசாங்கத்தின் உரிமம்பெற்ற முதலாளியின் ஆதரவு பெரும்பாலும் வேண்டற்பாலது.

அத்தகைய முதலாளிகளை நாடும் வழியை உணர்த்தவே சர்வகலாசாலைகளில் உத்தியோக ஆலோசனை நிலையங்கள் உள்ளன. ஆக்ஸ்போர்டில் அது 1892-இலேயே தோன்றியது. இறுதிப் பரீட்சை முடிந்தபின் அந்நிலையத்தை நாடுதல், வெள்ளம் வந்தபின் அணைகோலுதலை ஒக்கும். முதற் பருவத்திலேயே அதன் வாயிலை மிதிக்குமாறு நம் மக்கட்குப் புகட்டுவோம். ஆண்டுக்காண்டு மாறும் சட்டத்தை நம்பி நிலத்தை ஈடுவையாதிருப்போம்.