ரெப்போ குறைந்தது, தவணை ஏன் குறையவில்லை?

2025 பிப்ரவரி 7. கிட்டத்தட்ட ஐந்து வருடங்களுக்குப் பிறகு ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.50-லிருந்து 6.25 சதவீதமாகக் குறைத்த நாள். அன்று சாயங்காலம் எனக்கு இரண்டு போன்.

முதலில், இங்கே பூனாவில் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் திருநெல்வேலிக்காரர். "சார், வட்டியைக் குறைச்சிட்டாங்கன்னு டிவியில சொல்றான். என் வீட்டுக்கடன் தவணை எப்ப சார் குறையும்?"

அடுத்து கும்பகோணத்திலிருந்து அப்பா. "ஏம்ப்பா, மார்ச்ல என் எஃப்.டி. முதிருதே, வட்டியைக் குறைச்சிடுவாங்களா?"

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்களில் இருக்கிறது. பி.காம். படித்தவன் புத்தி, எதையும் பற்று வரவாகத்தான் பார்க்கும் :-)

ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் பணத்துக்கான வட்டி. ஆனால் நாங்கள் உங்களுக்குக் கடன் கொடுப்பது பெரும்பாலும் அப்பா போன்றவர்கள் போட்டு வைத்த டெபாசிட்டை நம்பி. மூன்று வருடத்துக்கு 7 சதவீதம் என்று வாங்கிய டெபாசிட்டுக்கு, நடுவில் ரெப்போ எவ்வளவு இறங்கினாலும் 7 கொடுத்தே ஆகவேண்டும். அதனால்தான் கடன் வட்டியைக் குறைக்க வங்கிகள் தயங்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவது நடுவில் உள்ள வாய்க்காலைப் பொறுத்தது இல்லையா? அந்த வாய்க்கால்தான் வங்கி.

அதைச் சரிசெய்ய ரிசர்வ் வங்கி முப்பது வருடமாகப் போராடுகிறது. 1994 அக்டோபரில், 2 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களுக்கு வங்கிகளே வட்டியை முடிவு செய்யலாம், பி.எல்.ஆர். என்று ஓர் அடிப்படை விகிதத்தை அறிவித்தால் போதும் என்றார்கள். 2003-ல் அது பி.பி.எல்.ஆர். ஆனது. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். பெரிய கம்பெனிகள் பேரம் பேசி அந்த விகிதத்துக்குக் கீழேயே வாங்கிக்கொண்டன. 2008 வாக்கில் மொத்தக் கடனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அப்படித்தான் போனது. பேரம் பேசத் தெரியாதவர்களுக்குத்தான் போர்டில் எழுதிய வட்டி.

2008 அக்டோபரிலிருந்து 2009 ஏப்ரலுக்குள் ரெப்போ 9-லிருந்து 4.75 சதவீதத்துக்கு இறங்கியது. புதிதாக வருபவர்களுக்கு எங்கள் கிளையில் வட்டியைக் குறைத்துக் கொடுத்தோம். பழைய வாடிக்கையாளரான ஒரு மராத்தி வாத்தியார் வந்து, எனக்கு ஏன் குறையவில்லை என்று கேட்டார். உங்கள் கடன் பி.பி.எல்.ஆரோடு சேர்ந்தது, அது அவ்வளவாக இறங்கவில்லை என்றேன். பொய் இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்தால் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை நான் சொல்லவில்லை. அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி இன்னும் உறுத்துகிறது.

2010 ஜூலையில் பேஸ் ரேட் வந்தது. ஆனால் வங்கிகள் பழைய டெபாசிட்டையும் சேர்த்துச் சராசரி போட்டதால், அதுவும் மெதுவாகவே இறங்கியது. 2016 ஏப்ரலில் வந்த எம்.சி.எல்.ஆர். புது டெபாசிட்டின் செலவைப் பார்த்தது. அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு. வங்கிகளில் டெபாசிட் குவிந்தது. 2017 ஜனவரி 1 அன்று ஸ்டேட் வங்கி தன் ஒரு வருட எம்.சி.எல்.ஆரை 8.90-லிருந்து 8.00-க்குக் குறைத்தது. ரெப்போவோ 6.25-லேயே நின்றது. மேட்டூர் திறக்காமலே மழையில் வாய்க்கால் நிறைந்த கதை!

வாய்க்கால் தூர்ந்து போனதும் உண்டு. 2004 முதல் 2007 வரை வங்கிக் கடன் வருடத்துக்கு 30 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. மின்சாரம், எஃகு, சாலை என்று அள்ளிக் கொடுத்தோம். நல்ல காலத்தில் எல்லாத் திட்டமும் நல்ல திட்டமாகத்தான் தெரியும். அதில் பல பின்னால் வாராக்கடனாகி, 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. 11 பொதுத்துறை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு நடவடிக்கைக்குள் இருந்தன. 2015 ஜனவரியிலிருந்து 2017 ஆகஸ்ட்டுக்குள் ரெப்போ 8-லிருந்து 6-க்கு இறங்கியும் தொழிற்சாலைகளுக்குக் கடன் சரியாகப் போகவில்லை. ஏற்றத்தை மேலும் ஏற்றியதும் வங்கிக் கடன்தான், இறக்கத்தை நீட்டியதும் அதுதான்.

கடைசியில் 2019 அக்டோபர் 1 முதல், புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனையும் சிறுதொழில் கடனையும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடுதான் கட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைத் திருத்தவேண்டும். 2020-ல் ரெப்போ 4 ஆனபோது தவணைக்காரர்கள் சிரித்தார்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அது 6.50 ஆனபோது அதே வேகத்தில் வலித்தது.

திருநெல்வேலிக்காரரின் கடன் 2013-ல் வாங்கியது. பத்திரத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். இன்னும் பேஸ் ரேட்! அன்றே மனு எழுதிக் கொடுத்தேன். சின்னக் கட்டணத்தோடு மாறியது. ஜூனுக்குள் ரெப்போ 5.50 ஆனது, அவருக்கும் குறைந்தது. அப்பாவிடம், மார்ச்சில் முதிர்ந்ததும் தள்ளிப்போடாமல் மூன்று வருடத்துக்குப் போட்டுவிடச் சொன்னேன்.

"உங்களுக்கெல்லாம் லாபம், எங்களுக்கு நஷ்டமா?" என்றார் அப்பா. பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் கடன் பத்திரத்தை இன்றே எடுத்து, எந்த விகிதத்தோடு கட்டியிருக்கிறது என்று பாருங்கள். கேட்டால்தான் சொல்வோம். பழக்கம் அப்படி.